லயத்துக்கு மேலே இருக்கிற சரிவைக் கவனிப்பது எப்படி

மூணாறு, தேவிகுளம் பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் பல ஓடையை ஒட்டியே இருக்கின்றன. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் இறங்கி 70 பேரைக் கொண்டுபோனது. பாறைமேல் கிடக்கும் மண்ணில் நீர் ஊறி அழுத்தம் கூடும்போது பிடிப்பு விட்டு, மொத்தமும் வழுக்கும். அதனால் முதலில் மழையை அளங்கள்.

வளைவில்லாத, நேர் பக்கமுள்ள இரண்டு லிட்டர் பாட்டிலின் தலையை வெட்டி, கவிழ்த்துப் புனலாகச் செருகுங்கள். அடி மேடுபள்ளமாக இருக்கும். அது மூழ்கும்வரை நீர் ஊற்றி, அங்கே பூஜ்யக் கோடு போடுங்கள். இல்லாவிட்டால் அளவு தப்பும். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளந்து, பழையபடி கோடுவரை நீர் விடுங்கள். 24 மணி நேரத்தில் 115.6 மில்லிமீட்டர் தாண்டினால் மிகக் கனமழை, 204.4 தாண்டினால் அதிகனமழை. முந்தைய நாட்களிலும் கொட்டியிருந்தால் இந்த அளவுக்குக் காத்திருக்காதீர்கள், மண் ஏற்கெனவே நிறைந்திருக்கும்.

சரிவில் வெடிப்பு கண்டால் இரு பக்கமும் குச்சி நட்டு, இடைவெளியை டேப்பால் அளந்து எழுதுங்கள். களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாய் மூடுங்கள். குச்சிகள் விலகினால் அன்றைக்கே வெளியேறுங்கள். கதவு திடீரென இறுகுவது, புதிதாக ஊற்று கிளம்புவது எல்லாம் அதே எச்சரிக்கைதான்.

மழை பெய்யும்போதே ஓடை சட்டென்று வற்றினால், மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது. சாமான் எடுக்க நிற்காதீர்கள். ஓடையோடு கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள்.