கண்ணுக்குக் கீழே வீக்கம்: மருந்தைத் தேடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் கடைவீதியை ஒட்டிய ஒரு சிறிய மூக்குக் கண்ணாடிக் கடையில், கண் பரிசோதகராக இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்த்து வருகிறேன். புதிய பிரேமை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடியின் முன் குனிகிறவர்களில் பலர், பிரேம் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே விரலைக் கண்ணுக்குக் கீழே கொண்டுபோய், "இந்தப் பை தெரியாத மாதிரி பெருசா ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறார்கள். பெரிய பிரேம் எடுத்துக் கொடுப்பது எளிது. ஆனால், அந்த வீக்கத்துக்கு அதுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் வரும் பதில்கள்தான் கவலை தருகின்றன. எலுமிச்சைச் சாறு தடவியவர்கள் உண்டு. பற்பசை பூசியவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த, சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரையை வாங்கி விழுங்கியவரும் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அந்த இடத்தில் இருப்பது நீரா, கொழுப்பா, வெறும் நிழலா என்று பார்த்திருக்கவில்லை. இதைத்தான் முதல் தவறு என்பேன். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவையே.

கண்ணிமைத் தோல் நம் உடலிலேயே மிக மெல்லியது. அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பு இருக்காது. அதற்கு அடியில் சிறிதளவு நீர் கோத்தாலும் உடனே வெளியே தெரிந்துவிடும். கண் குழிக்குள் விழியைச் சுற்றி மெத்தை போலக் கொழுப்பு இருக்கிறது. அது முன்னால் வந்துவிடாமல் ஒரு மெல்லிய சவ்வு பிடித்து நிறுத்துகிறது. வயது ஏற ஏற அந்தச் சவ்வு தளர்ந்து, கீழிமையில் மூன்று திட்டுகளாக இருக்கும் கொழுப்பு மெல்ல முன்னால் பிதுங்குகிறது. இதுதான் உண்மையான கண் பை. சில குடும்பங்களில் முப்பது வயதிலேயே இது தெரியத் தொடங்கும். அப்பாவின் பழைய கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தால் அதே பை அங்கேயும் இருக்கும். மூன்றாவதாக, இமைக்கும் கன்னத்துக்கும் இடையே விழும் பள்ளத்தின் நிழலும் கருவளையமும் உண்டு. தலைக்கு நேர் மேலே டியூப் லைட் எரியும் அறையில் இவையும் பை போலவே தோன்றும்.

இவற்றைப் பிரித்தறிய வீட்டிலேயே வழி உண்டு. காலையில் முகம் அதைத்து, கண் உப்பி, பத்துப் பதினொரு மணிக்குள் தானாக வற்றிவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் நீர். இரவு முழுவதும் படுத்திருப்பதால் கீழே இறங்க வழியில்லாமல் முகத்தில் தங்கிய நீர், எழுந்து நடமாடி, கண் சிமிட்டத் தொடங்கியதும் வடிந்துவிடுகிறது. காலையிலும் மாலையிலும் ஒரே அளவில் இருந்து, தலையை அசைக்காமல் விழியை மட்டும் மேலே உயர்த்தும்போது இன்னும் புடைத்து, கீழே தாழ்த்தும்போது தணிந்தால் அது கொழுப்பு. ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழும்படி நின்றால் காணாமல் போய்விடுவது நிழல். நீருக்குச் செய்கிற வைத்தியம் கொழுப்பிடம் பலிக்காது. கொழுப்புக்குச் செய்கிற அறுவைச் சிகிச்சை நிழலுக்குத் தேவைப்படாது.

என் தொழிலைச் சார்ந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து பார்வை தெளிந்த பெரியவர்கள் சிலர், ஆபரேஷன் செய்ததால்தான் கண்ணுக்குக் கீழே பை விழுந்துவிட்டது என்று வருத்தத்தோடு வருவார்கள். பை முன்பே இருந்தது. புரை மறைத்திருந்ததை இப்போதுதான் பார்க்கிறார்கள். அதேபோல, பிளஸ் பவர் லென்ஸ் கண்ணையும் அதைச் சுற்றியுள்ள தோலையும் பெரிதாக்கிக் காட்டும். மைனஸ் பவர் சிறிதாக்கிக் காட்டும். பிளஸ் கண்ணாடி போடுகிறவர் சற்றே சிறிய பிரேமாகத் தேர்ந்தெடுத்தால் லென்ஸும் மெலிதாக இருக்கும், பையும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியாது. ஆகவே பையை மறைக்கப் பெரிய பிரேம் வேண்டும் என்று கேட்பது, அவர்களைப் பொறுத்தவரை எதிர்மாறான பலனையே தரும்.

நீர் கோத்து வரும் வீக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு, உப்பை மறந்துவிட்டுத் தண்ணீரைக் குறைப்பது. தண்ணீர் குடித்தால் முகம் வீங்கும் என்று நினைத்து மாலையில் சொட்டுக்கூடக் குடிக்காத பெண்மணி ஒருவர், இரவு எட்டு மணிக்குத் தட்டுவடை செட்டும், வீட்டுக்கு வந்து மாங்காய் ஊறுகாயோடு தயிர்ச் சாதமும் சாப்பிடுவதாகச் சொன்னார். உடலில் நீரைப் பிடித்து வைப்பது உப்பு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, முறுக்கு, தட்டுவடை எல்லாமே இந்தக் கணக்குக்குள்தான் வரும். தட்டுவடையை விடச் சொல்ல எனக்கு மனம் வராது, சேலத்தில் பிறந்தவரிடம் அப்படிச் சொல்லவும் முடியாது. இரவில் சாப்பிடும் தட்டுவடையை மாலை ஐந்து மணிக்குச் சாப்பிடுங்கள், அன்று இரவு ஊறுகாயைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இன்னொரு தலைகாணி வைத்துத் தலையைச் சற்று உயர்த்திப் படுப்பதும், குப்புறப் படுக்காமல் இருப்பதும், மதுவைத் தவிர்ப்பதும், தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பதும் உதவும். இரவு ஷிப்ட் தறி ஓட்டுகிறவர்களுக்குக் கடைசி அறிவுரை எளிதானதல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

ஏற்காட்டுக்குப் போய் வந்தால் கண் வீங்குகிறது, அந்த மலைக் காற்று ஒத்துக்கொள்வதில்லை என்று பலர் சொல்வார்கள். சேர்வராயன் மலையில் ஏற்காடு இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். உயரத்தால் முகம் வீங்கும் அளவுக்கு அது பெரிய உயரமன்று. ஆனால் மழைக்காலத்தில் ஈரம் தங்கிய அறையும், மாதக்கணக்கில் அலமாரியில் மடித்து வைத்திருந்த கம்பளியும், அதிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளும் பூஞ்சையும் ஒவ்வாமை உள்ளவரின் கண்ணை ஒரே இரவில் வீங்க வைக்கும். அரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்தால் ஒவ்வாமை என்று கொள்ளலாம். அப்போது செய்யும் பெரிய தவறு கண்ணைக் கசக்குவது. கசக்கக் கசக்க அரிப்பைத் தூண்டும் பொருள் இன்னும் அதிகமாகச் சுரக்கும், தோல் கருக்கும், மெல்லிய திசு தளரும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள், அமிலமும் புகையும் பட்ட கையாலேயே கண்ணைத் தேய்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு கூசும். முதலில் கையைக் கழுவி, சுத்தமான தண்ணீரால் கண்ணையும் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் மூடிய இமையின் மேல் வைத்தால் அரிப்பும் வீக்கமும் குறையும். தலைச்சாயம் பூசிய இரண்டாம் மூன்றாம் நாளில் இரண்டு இமைகளும் வீங்கினால் சாயத்தைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்த முறை பிராண்டை மட்டும் மாற்றிப் பார்ப்பது தவறு, ஏனென்றால் ஒவ்வாமை தரும் அதே வேதிப்பொருள் பல கருப்புச் சாயங்களில் பொதுவாக இருக்கும்.

வீட்டு வைத்தியத்தில் குளிர்ந்த ஒத்தடம் நல்லது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றாமல் நேரடியாக வைப்பது தோலைப் புண்ணாக்கும். வெள்ளரித் துண்டும் ஆறவைத்த தேயிலைப் பையும் தரும் பலன் பெரும்பாலும் குளிர்ச்சியின் பலன்தான். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் கண்ணுக்கு அருகே வரவே கூடாது.

எல்லாவற்றையும்விட என்னை அஞ்ச வைப்பது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்பு. சிவப்பழகு தரும் என்றும் கருவளையம் போகும் என்றும் கைமாறி வரும் பல களிம்புகளில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருக்கின்றன. தடவிய சில நாட்களில் வீக்கமும் அரிப்பும் குறைந்து முகம் பளிச்சென்று ஆவதால், அது நல்ல மருந்து என்றே தோன்றும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஏற்கெனவே மெலிந்த தோல் இன்னும் மெலிந்து இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். இமையில் தடவுவது கண்ணுக்குள்ளும் சேர்ந்து கண் அழுத்தத்தை உயர்த்தலாம், கண்புரையையும் வரவழைக்கலாம். கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு வரை இருக்க வேண்டும். கண்ணாடி மாற்ற வந்த ஓர் இளம்பெண்ணுக்கு அது 30-ஐத் தாண்டி இருந்தது. வலியும் இல்லை, மங்கலும் இல்லை. கைப்பையிலிருந்து அவர் எடுத்துக் காட்டிய களிம்பின் அட்டையில், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை சிவப்பு எழுத்தில் இருந்தது. அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பினேன். அழுத்தம் உயர்ந்தே இருந்தால் கண் நரம்பு கெடும், கெட்ட பிறகு இழந்த பார்வையை மீட்க வழியில்லை என்பதால், இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை.

அடுத்து எழுதப் போவது நான் செய்த தவறும்கூட. எங்கள் உறவில் நான்கு வயதுப் பையன் ஒருவனுக்குக் காலையில் எழும்போது இரண்டு கண்ணும் திறக்க முடியாதபடி வீங்கியிருந்தது. மதியத்துக்குள் வற்றிவிடும். முதலில் பார்த்த மருத்துவர் ஒவ்வாமை என்று மருந்து கொடுத்தார். என்னிடம் அழைத்து வந்தபோது நானும் கண்ணை மட்டும் பார்த்துவிட்டு, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவனுடைய பாட்டிதான், "சாயங்காலம் சாக்ஸைக் கழட்டினா கால்ல பள்ளம் விழுந்து கிடக்குதுங்க, ஒண்ணுக்கு வேற நுரையாப் போகுது" என்று சொன்னார். சிறுநீரைச் சோதித்தபோது ஆல்புமின் என்ற புரதம் மிக அதிகமாக இருந்தது. இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரகத்தின் வழியே ஒழுகிவிடும் நெப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற நோய் அது. இந்நோயில் முதலில் வீங்குவது பெரும்பாலும் கண்ணிமைதான்; அதனால்தான் ஒவ்வாமை என்று தவறாக எண்ணப்படுகிறது. பெரும்பாலான குழந்தைகள் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மாத்திரையில் நன்றாகத் தேறிவிடுவார்கள். அவனும் தேறினான், திரும்ப வருகிறதா என்று மட்டும் கண்காணித்து வருகிறார்கள். அரிப்பு இல்லாமல் குழந்தைக்கு இரண்டு கண்ணும் தொடர்ந்து சில நாள் காலையில் வீங்கினால், கண் சொட்டு மருந்துக்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யக்கூடிய எளிய சோதனை அது. சில நிமிடங்களில் முடிவு தெரியும்.

பெரியவர்களிலும் இதே கவனம் வேண்டும். வீக்கத்தோடு உடல் எடை கூடி, குளிர் தாங்காமல், முடி கொட்டி, மலச்சிக்கலும் சோர்வும் இருந்தால் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். டிஎஸ்ஹெச் என்ற இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். மாறாக, உடல் மெலிந்து, படபடப்போடு விழி முன்னால் துருத்தினால் தைராய்டு மிகுந்திருக்கலாம். கால் வீக்கமும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகளில் ஒரு வகை, திடீரென்று இமை, உதடு, நாக்கு ஆகியவற்றை வீங்க வைக்கும். நாக்கு வீங்கினால் மூச்சு அடைக்கும் என்பதால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீர் மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடுவது பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும்.

ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, காய்ச்சலும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. விழியை அசைக்க வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, கண் குழிக்குள் கிருமி இறங்கியிருக்கலாம். சைனஸ் தொற்றிலிருந்து குழந்தைகளுக்கு இது வருவதுண்டு. நடு இரவானாலும் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போய்விட வேண்டும்.

கொழுப்புப் பைக்கு வருகிறேன். எந்தக் க்ரீமும் அதைக் கரைக்காது. காஃபீன் கலந்தவை சில மணி நேரம் இறுக்கமாகக் காட்டும். வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் மாதக்கணக்கில் தோலைச் சற்றுத் தடிக்க வைக்கும், கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும். பள்ளத்தை நிரப்ப ஃபில்லர் ஊசி போடுகிறார்கள். அது நீரை இழுக்கும் தன்மையுடையது என்பதால், ஏற்கெனவே வீக்கம் உள்ளவருக்குப் போட்டால் வீக்கம் கூடும். மருந்து தவறிப்போய் இரத்தக் குழாய்க்குள் நுழைந்தால், அரிதாக, பார்வையே போய்விடும். ஆகவே இதைப் பியூட்டி பார்லரில் போட்டுக்கொள்வது பெருந்தவறு. நிலையான தீர்வு கீழிமை அறுவைச் சிகிச்சை. இமையின் உட்புறமாகவோ இமைமுடிக்குக் கீழாகவோ திறந்து, கொழுப்பை எடுப்பார்கள் அல்லது பள்ளத்துக்கு நகர்த்தி வைப்பார்கள். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுவதையும், கண் வறட்சி இருப்பதையும் மருத்துவரிடம் சொல்லாமல் மறைக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும். வீக்கமும் கன்றலும் வடிய ஓரிரு வாரம் ஆகும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்து நிற்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை ஒன்றே. ஒரே ஜன்னல் முன் நின்று, காலையில் எழுந்தவுடன் ஒரு படமும் மாலை ஆறு மணிக்கு ஒரு படமும், விழியை மேலே உயர்த்தி ஒன்றும் தாழ்த்தி ஒன்றும், ஒரு வாரம் போனில் எடுத்து வரச் சொல்வேன். அம்மாபேட்டையில் பட்டுத் தறி வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அண்மையில் அப்படி எடுத்து வந்தார். காலைக்கும் மாலைக்கும் வேறுபாடே இல்லை. மேலே பார்க்கும் படத்தில் மூன்று திட்டும் தனித்தனியாகத் தெரிந்தன. சிறுநீரும் தைராய்டும் சரியாக இருப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் காட்டினார். வாங்குவதற்காக எழுதி வைத்திருந்த க்ரீம் பெயரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கிழித்துவிட்டு, "எங்கப்பாவுக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி, படிக்கும் கண்ணாடிக்குச் சிறிய பிரேமாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.