முதல் டிரம் கோர் போட்டிக்குப் போகிறீர்களா? எங்கே உட்காருவது, எப்போது கூவுவது, மதிப்பெண் தாளை எப்படிப் படிப்பது

என் மகன் பள்ளி மார்ச்சிங் பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறான். அவன் பிடிவாதம் பிடித்ததால்தான் நான்கு கோடைக்கு முன்னால் முதல் டிரம் கோர் போட்டிக்குப் போனேன். மைதானத்தை ஒட்டி மூன்றாவது வரிசை. கூடுதல் காசு கொடுத்து வாங்கிய சீட்டு. சுற்றி இருந்தவர்கள் திடீர் திடீரென்று எழுந்து நின்று கூவினார்கள். எதைப் பார்த்துக் கூவுகிறார்கள் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. கூட்டமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு குழு, முடிவு சொன்னபோது நடுவில் எங்கோ கிடந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் "ஏன்டா அப்படி?" என்று அவனைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவனுக்கும் தெரியவில்லை.

அந்த 'ஏன்' எனக்குப் புரிய மூன்று கோடை ஆனது. உங்களுக்கு ஒரே மாலையில் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். டிரம் கோர் என்றால் என்ன என்பதை யூடியூபில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள். மைதானத்தில் அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் அமெரிக்கக் குழு: பித்தளை ஊது வாத்தியம், தாளம், கொடி சுழற்றும் கலர் கார்டு, 22 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். கிளாரினெட்டும் புல்லாங்குழலும் கிடையாது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

படி 1: எந்தப் போட்டிக்குப் போவது

ஜூன் கடைசியில் சீசன் தொடங்கி ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் முடியும். இறுதி வாரம் இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கும். வியாழன் முதல்சுற்று, வெள்ளி அரையிறுதி, சனிக்கிழமை இறுதி; அதில் முதல் 12 இடத்துக் குழுக்கள் மட்டும்.

முதல்முறை போகிறவர் நேரே சனிக்கிழமை இறுதிக்குப் போக வேண்டாம் என்பேன். ஜூலையில் ஏதாவது ஒரு சின்ன ஊரில், பள்ளி மைதானத்தில் ஆறேழு குழுக்கள் வரும் போட்டியைத் தேர்ந்தெடுங்கள். சீட்டு விலை குறைவு. அங்கே வாத்தியச் சத்தம் திறந்தவெளியில் ஒரே ஒருமுறைதான் காதில் விழும். கூரை மூடிய ஸ்டேடியத்தில் சுவரில் மோதி இரண்டாம் தடவையும் வரும்.

பென்சில்வேனியாவில் ஆலன்டவுனுக்குப் போக முடிந்தால் போய்விடுங்கள். அங்கே போட்டி இரண்டு இரவு நடக்கும். பழைய கான்கிரீட் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பல வருடமாக வருகிறவர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், இடைவேளை முழுக்கச் சொல்லித் தருவார்.

படி 2: மேலே உட்காருங்கள்

நான் செய்த தவறு இங்கேதான். ஒரு குழுவில் 165 பேர் வரை இருக்கலாம். அவர்கள் தரையில் போடும் வளைவுகளும் கட்டங்களும், ஒன்று கலைந்து இன்னொன்றாக மாறுவதும், உயரத்தில் இருந்து பார்ப்பதற்காகவே வரையப்பட்டவை. பெரும்பாலான நடுவர்கள் உட்காருவதும் மேலேதான். முன்வரிசையில் இருந்தால் உங்களுக்குத் தெரிவது தொப்பியும் தோளும் மட்டும். அதோடு, மைதானத்தின் முன்விளிம்பில் மரிம்பா, வைப்ரஃபோன், சிந்தசைசர் வைத்திருக்கும் 'பிட்' பகுதியின் ஒலிபெருக்கி உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும். பின்னால் ஊதுகிற பித்தளை வாத்தியக்காரர்களை (ஹார்ன்லைன்) அது மூழ்கடித்துவிடும்.

என் கணக்கு இது: நடுக்கோட்டுக்கு இருபுறமும் 35 என்று எழுதிய கெஜக் கோடுகளுக்குள் (அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் நடுக்கோடு 50), பார்வையாளர் மாடியின் பாதி உயரத்துக்கு மேல். சின்ன மைதானம் என்றால் கடைசி வரிசைக்கே போய்விடலாம். பைனாகுலர் வேண்டாம். ஒரு ஆளை உற்றுப் பார்க்கும்போது மொத்தப் படம் போய்விடும். இசைக்கலைஞர்கள் போட்டுக்கொள்ளும் காதடைப்பான் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது சத்தத்தைக் குறைக்கும், சுரத்தைக் கெடுக்காது. மருந்துக்கடைப் பஞ்சு உதவாது.

படி 3: இரண்டு மணி நேரம் முன்னாலேயே போங்கள்

வாகன நிறுத்தத்திலும் பக்கத்துப் புல்வெளியிலும் குழுக்கள் கை சூடேற்றிக்கொண்டிருப்பார்கள். ரசிகர்கள் இதை 'லாட்' என்பார்கள். ஸ்னேர், டெனர், பாஸ் மேளங்கள் சேர்ந்த 'பேட்டரி' அரைவட்டமாக நிற்க, சுற்றி நூறு பேர் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதற்காகவே வருகிறவர்கள் உண்டு. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்காகவே உட்கார்ந்திருப்பவர்களை உங்களுக்குத் தெரியும் அல்லவா, அந்த மாதிரி மனிதர்கள்.

சொல்லிக்கொடுப்பவருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே போகாதீர்கள். வாசிக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். படம் எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம்.

படி 4: எப்போது கூவுவது

இது செவ்வியல் இசை அரங்கம் இல்லை. நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே கைதட்டலாம், கத்தலாம், எழுந்து நிற்கலாம். பிள்ளைகளும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எல்லாரும் ஒரே நேர்கோட்டில் சேர்ந்து, பார்வையாளர்களை நோக்கி நேரே நடந்து வந்து முழு வீச்சில் ஊதினால் அதற்கு 'கம்பெனி ஃபிரண்ட்' என்று பெயர். அப்போது உட்கார்ந்திருக்க உங்களாலேயே முடியாது. மேளக்காரர்களின் தனி வாசிப்பு முடிகிற இடம், கலர் கார்டு எல்லாரும் ஒரே நேரத்தில் துப்பாக்கியை மேலே வீசிப் பிடிக்கிற இடம் (மரத்தால் செய்த துப்பாக்கி, பயப்பட வேண்டாம்), இவையெல்லாம் கூவுகிற இடங்கள்.

மெதுவான பகுதியில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். எழுபது பேர் கிசுகிசுப்பு அளவுக்கு ஊதுவது, உரக்க ஊதுவதைவிடக் கடினம். அந்த நேரத்தில் தூரத்தில் இருந்து யாரோ ஒரு ரசிகர், ஆடும் குழுவின் பெயரைச் சொல்லிக் கத்தினால் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். அந்த அமைதியை உண்டாக்க அவர்கள் கோடை முழுக்க வெயிலில் நின்றிருக்கிறார்கள்.

ஒரு குழு ஆடிக்கொண்டிருக்கும்போது படியில் ஏறி இறங்கக் கூடாது. தின்பண்டம் வாங்கப் போய்த் தாமதமாகிவிட்டால் வாசலிலேயே நில்லுங்கள். நிகழ்ச்சி பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான்.

முதல்முறை போகிறவர்கள் எல்லாரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒஹாயோ கேன்டனில் இருந்து வரும் புளூகோட்ஸ் குழு மைதானத்தில் இறங்கும்போது அரங்கம் முழுக்க "பூ..." என்று கேட்கும். விரட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அவர்கள் சொல்வது "புளூ...". அந்தக் குழுவை வரவேற்கும் முறையே அதுதான். நீங்களும் தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம்.

படி 5: மதிப்பெண் வருவதற்கு முன் உங்கள் வரிசையை எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். செல்போன் வேண்டாம், எடுத்தால் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றும். ஒவ்வொரு குழு முடிந்ததும் ஊதல், தாளம், அசைவும் கொடியும், மனதில் என்ன தங்கியது என்று நான்கு வரி. இதை எழுதாமல் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டால், "ஆமாம், நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று மனம் மாறிவிடும். உங்கள் கருத்து அங்கேயே தொலைந்துபோகும்.

படி 6: மதிப்பெண் தாள்

மொத்தம் 100. ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. இதுவரை யாரும் முழு நூறு வாங்கியதில்லை. 2014 இறுதிப்போட்டியில் புளூ டெவில்ஸ் என்ற குழு வாங்கிய 99.65தான் உச்சம்.

அன்றிரவே விரிவான தாள் இணையத்தில் வந்துவிடும். அதை ரசிகர்கள் 'ரீகேப்' என்பார்கள். நான் முதல்முறை அதைத் திறந்து எல்லா எண்ணையும் கூட்டிப் பார்த்தேன். நூறுக்கு மேல் எங்கேயோ போனது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் விளங்கியது. காட்சியில் மூன்று பிரிவு: தனியாட்களின் நேர்த்தி, காட்சிப் பகுப்பாய்வு, கலர் கார்டு. இசையிலும் மூன்று: பித்தளை, இசைப் பகுப்பாய்வு, தாளம். ஒவ்வொன்றுக்கும் 20. மூன்றையும் கூட்டினால் 60 வரும் அல்லவா? அதைப் பாதியாக்க வேண்டும். அப்போதுதான் 30. தாக்கப் பிரிவில் இரண்டு இருபது, அதை மட்டும் பாதியாக்கக் கூடாது.

ஒரு கற்பனைக் குழுவை வைத்துப் போட்டுப் பார்ப்போம். தாக்கம் 19.2 + 19.0 = 38.2. காட்சி 18.6 + 18.8 + 19.0 = 56.4, பாதி 28.2. இசை 18.8 + 18.6 + 18.4 = 55.8, பாதி 27.9. மொத்தம் 94.3. இதை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது.

பெரிய போட்டிகளில் ஒரே பிரிவுக்கு இரண்டு நடுவர்கள் இருந்தால் சராசரி எடுப்பார்கள். அதனால்தான் முடிவில் 0.025 போன்ற விசித்திரமான எண்கள் வருகின்றன. ஒரு நடுவர் இசைப் பிரிவில் ஒரே ஒரு 0.1 கூட்டிப் போட்டால், சராசரியில் அது 0.05 ஆகும், பாதியானதும் 0.025. 2008இல் புளூமிங்டனில் நடந்த இறுதிப்போட்டியில் ஃபேன்டம் ரெஜிமென்ட் குழு 98.125, புளூ டெவில்ஸ் 98.100. அந்த இடைவெளியில்தான் பட்டம் போனது.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு 20க்குள்ளும் இரண்டு பத்து இருக்கும். ஒன்று என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்பதற்கு, மற்றது அதை எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பதற்கு. 1983 வரை இப்படி இல்லை. ஒவ்வொரு தவறுக்கும் 0.1 வெட்டுவார்கள், அதற்கு 'டிக்' என்று பெயர். பழைய ரசிகர்கள் இன்றும் ஒருவர் கால் மாறினால் "டிக்" என்று முணுமுணுப்பதைக் கேட்கலாம்.

அந்த முதல் இரவில் கூட்டம் கொண்டாடிய குழுவின் தாளைப் பிறகு தேடி எடுத்துப் பார்த்தேன். பித்தளையில் அன்றைக்கு இரண்டாம் இடம். கலர் கார்டிலும் காட்சியிலும் அடிவாரம். நாங்கள் எல்லாரும் காதால் ரசித்திருக்கிறோம், கண்ணால் பார்க்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்த எனக்கு அது தெரிய வழியே இல்லை.

படி 7: நடுவரோடு முரண்படுவது

தாளைப் படிக்கத் தெரிந்த பிறகும் உங்கள் கருத்து வேறாக இருக்கலாம். இருக்கட்டும். 1993இல் ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழு, பார்ட்டோக், பார்பர் என்ற இசையமைப்பாளர்களின் இசையை வைத்து மிகக் கறாரான, அரூபமான ஒரு நிகழ்ச்சியைச் செய்தது. அந்தக் கோடையில் ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதைப் பார்த்துக் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். நடுவர்களோ உச்சத்தில் வைத்தார்கள். இறுதிப்போட்டியில் கேடட்ஸ் என்ற குழு 97.4, ஸ்டார் 97.3; ஒரே ஒரு 0.1இல் பட்டம் கேடட்ஸிடம் போனது. அதோடு ஸ்டார் போட்டியை விட்டே விலகியது. இன்று அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பழைய ரசிகர்கள் பேசும்போது குரல் தாழ்கிறது. கூட்டமும் தவறலாம், காலம் கடந்து திருத்திக்கொள்ளவும் செய்யும்.

எனக்கும் பிடிவாதமான கருத்துகள் உண்டு. 2004இல் ஒலிபெருக்கியும் 2009இல் மின்னணு வாத்தியமும் அனுமதிக்கப்பட்டது பற்றி இன்றும் வாகன நிறுத்தத்தில் சண்டை நடக்கும். மரிம்பாவின் மென்மையான ஓசை பின்வரிசைவரை கேட்பது நல்லது என்பது என் கட்சி. ஆனால் சிந்தசைசரின் தாழ்ந்த உறுமலை டியூபாக்களின் அடியில் போட்டு, பிள்ளைகள் ஊதாத கனத்தை ஊதியதுபோலக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கனத்தை மூச்சால் உண்டாக்கும் குழுக்கள் இருக்கின்றன, கேட்டால் நெஞ்செலும்பில் உணரலாம்.

"போன வருட இடத்தைப் பார்த்துத்தான் நடுவர் போடுகிறார்" என்ற புகாரை நிறையக் கேட்பீர்கள். சொல்வதற்கு முன் ரீகேப்பில் பிரிவு பிரிவாகப் பாருங்கள். 1940இல் தொடங்கிய பாஸ்டன் க்ரூஸேடர்ஸ் தன் முதல் பட்டத்தை 2025இல் வென்றது. இடங்கள் நகரத்தான் செய்கின்றன, மெதுவாக.

சேர்க்கை 1: "நான் அமெரிக்காவில் இல்லை, எப்படிப் பார்ப்பது?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஃப்ளோமார்ச்சிங் என்ற இணையதளத்தில் சந்தா கட்டினால் நேரலை கிடைக்கும். உயரத்தில் இருந்து எடுக்கும் காட்சியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள், காதை மூடும் ஹெட்போன் வேண்டும்.

சேர்க்கை 2: கைக்குழந்தையோடு போன ஒரு வாசகி, முதல் ஊதலிலேயே குழந்தை வீரிட்டதாக எழுதியிருந்தார். பெரியவர்களின் காதடைப்பான் குழந்தைக்குச் சரிவராது. தலைக்கு மேல் மாட்டும் காதுமூடி வாங்குங்கள், வீட்டிலேயே இரண்டு நாள் மாட்டிப் பழக்குங்கள். வழிநடையை ஒட்டிய இருக்கையும் நல்லது.

சேர்க்கை 3: பிடித்த குழுவுக்கு எப்படிக் கைகொடுப்பது என்று ஒருவர் கேட்டார். ஒவ்வொரு பிள்ளையும் ஆயிரக்கணக்கான டாலர் கட்டித்தான் சேர்கிறது. பள்ளி உடற்பயிற்சிக்கூடத் தரையில் படுத்து ஊர் ஊராகப் போகிறார்கள். 1934இல் தொடங்கிய கேடட்ஸே 2024இல் செயல்பாட்டை நிறுத்திவிட்டது. உங்களுக்குப் பிடித்த குழுவின் கடை வாசலில் போட்டிருக்கும், அங்கே டி-ஷர்ட் வாங்குங்கள். இடைவேளையில் வரிசை நீளும். முதல் குழு இறங்குவதற்கு முன்பே போய்விட்டால் உங்கள் அளவு கிடைக்கும்.