இரட்டை எல் பார்த்தால் லத்தீனைத் தேடுங்கள்

ஸ்பானிஷ் படிக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. 'யேனோ' என்றால் நிறைந்த, 'ப்ளேனோ' என்றாலும் கிட்டத்தட்ட அதேதான், எதற்கு இரண்டு வார்த்தை என்று நான் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். இரண்டுக்கும் தாய் ஒன்றே, லத்தீனின் 'ப்ளேனுஸ்'. யேனோ மக்கள் வாயில் நூற்றாண்டுக் கணக்காகப் புரண்டு, முன்னால் இருந்த 'ப்ள்' தேய்ந்து 'ய' ஆனது (எழுத்தில் இரட்டை எல், அதாவது ll). ப்ளேனோவோ பிற்பாடு படித்தவர்கள் லத்தீன் ஏட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது, அதனால்தான் உருக்குலையாமல் இருக்கிறது.

வேலையும் பிரிந்துவிட்டது. தண்ணீர் நிறைந்த டம்ளர் என்றால் 'வாசோ யேனோ', அங்கே ப்ளேனோ போட்டால் சிரிப்பார்கள். ஆனால் நட்ட நடு ஆகஸ்டில் என்று சொல்ல 'என் ப்ளேனோ அகோஸ்தோ'. நகர சபையின் முழுக்கூட்டத்துக்கும் 'எல் ப்ளேனோ' என்றே பெயர்.

சரி, இதில் பயன் என்ன? இரட்டை எல்லில் தொடங்கும் புதுச்சொல் வந்தால் அந்த இடத்தில் ப்ள், க்ள், ஃப்ள் போட்டுப் பாருங்கள், அதே லத்தீன் தாயிடமிருந்து வந்த ஏட்டுச்சொல் பல நேரம் கிடைக்கும். சமவெளியான 'யானோ' 'ப்ளானோ' ஆகும், சாவியான 'யாவே' 'க்ளாவே' ஆகும் (ரகசியக் குறியீடு, அதுவும் ஒரு சாவிதானே!), தீச்சுடரான 'யாமா' 'ஃப்ளாமா' ஆகும். மழைக்கு 'யுவியா', மழை சார்ந்ததற்கு 'ப்ளுவியால்'. எல்லாச் சொல்லும் இதற்கு மசியாது, கடற்கரையான 'ப்ளாயா' அன்றாடச் சொல்லாக இருந்தும் 'ப்ள்'ளை விடவே இல்லை.