குரூப் போட்டோவில் பின்வரிசைக்காரர்களும் நம் சொந்தக்காரர்கள்தான்

போன ஆவணியில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரரின் மகன், கல்லூரியில் படிக்கிற பையன், புதுக் கேமராவும் கையுமாக எல்லோரையும் வரிசை கட்டி நிறுத்திக்கொண்டிருந்தான். முன்னால் மூன்று நாற்காலி, பின்னால் நான்கு பேர். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். எஃப் 1.8. லென்ஸின் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் எண் அது; எண் சின்னதானால் துவாரம் பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு.

"தம்பி, அந்த நம்பரைக் கொஞ்சம் ஏத்திக்கோயேன்."

"இதுல வச்சாத்தான் அங்கிள் புரொஃபஷனலா வரும்."

பல வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். அந்த 'அங்கிள்' மட்டும்தான் புதுசு.

பேட்டரி தீர்ந்துபோவது, மெமரி கார்டு நிரம்பிவிடுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடுவோம். பட்ட பிறகும் திருந்தாத தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இது.

லென்ஸை முழுக்கத் திறந்துவைத்து குரூப் போட்டோ எடுப்பது

கேமராவோடு வரும் கிட் லென்ஸுக்கு அடுத்தபடியாக, புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வாங்குவது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். நல்ல லென்ஸ்தான், விலையும் குறைவு. ஒரே ஆளை எடுத்தால் பின்னணி வெண்ணெய் மாதிரி கரைந்துவிடும். அந்தக் கிறக்கத்தில் எண்ணை 1.8-லிருந்து நகர்த்தவே மனசு வராது. அங்கேதான் சனி பிடிக்கிறது.

எனக்கு அந்தச் சனி பிடித்தது பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று. மாலையும் கழுத்துமாகப் பெரியப்பாவும் பெரியம்மாவும் நாற்காலியில். பெரியம்மா மடியில் பேரன். பின்னால் பிள்ளைகள், மருமகள், சித்தப்பா. கேமரா தானாகவே ஃபோகஸ் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது தனக்கு மிக அருகில் இருந்த முகத்தைப் பிடித்துக்கொண்டது. பேரனின் முகம். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது எல்லாமே பளிச்சென்று தெரிந்தது. அந்தத் திரையில் எந்தப் படமும் அப்படித்தான் தெரியும்.

12-க்கு 18 அங்குலத்தில் பிரின்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, நான்கு வீட்டுக்கும் நானே காசு செலவழித்துக் கொடுத்தேன். பேரனின் கண் இமையை எண்ணலாம். விழா நாயகர்கள் லேசாக மங்கல். பின்வரிசை முழுக்க மூடுபனி. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "பவர் கூடிடுச்சோன்னு பயந்துட்டேன்டா" என்றார். அந்தப் படம் இன்னமும் அந்த நான்கு வீட்டுக் கூடத்திலும் தொங்குகிறது. வருகிறவர்களிடம் "இவன் எடுத்ததுதான்" என்று பெரியம்மா பெருமையாகக் காட்டும்போது நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கணக்கு இதுதான். சாதாரணமாக நாம் வாங்கும் ஏபிஎஸ்-சி சென்சார் (படம் பதியும் சில்லின் ஓர் அளவு) கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டு, 4 மீட்டர் தள்ளி நின்று எஃப் 1.8-இல் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே அரை மீட்டருக்கும் குறைவு. ஃபோகஸ் பிடித்த முகத்துக்குப் பின்னால் கிடைப்பது அதில் பாதிதான், ஒரு சாண் சொச்சம். நாற்காலியில் இருப்பவர் முகத்துக்கும் பின்னால் நிற்பவர் முகத்துக்கும் இடையே சர்வசாதாரணமாக இரண்டடி இருக்கும். மடியில் குழந்தை இருந்தால் இன்னும் ஓர் அடி. எங்கே போய் நிற்பார்கள் பின்வரிசைக்காரர்கள்? அதே இடத்தில் நின்று எஃப் 5.6 வைத்தால் சுமார் 1.4 மீட்டர் கிடைக்கும். இரண்டு வரிசை தாராளமாக அடங்கும்.

உடனே ஒரு பதில் வரும்: "உள்ளே வெளிச்சம் போதாதே." வாஸ்தவம்தான். 1.8-லிருந்து 5.6-க்குப் போனால் உள்ளே வரும் ஒளி பத்தில் ஒரு பங்காகிவிடும். அதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது குறைந்த வெளிச்சத்திலும் படத்தைப் பளிச்சென்று காட்டும் எண்ணை, 3200 வரை ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக வருமே என்று பயப்படுகிறார்கள். பிரின்டில் அந்தப் புள்ளிகளை யாரும் பார்ப்பதில்லை, சித்தப்பா முகத்தைத்தான் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் எல்லோரையும் கார் நிறுத்தும் போர்ட்டிகோவுக்கோ திண்ணைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். நிழலும் இருக்கும், வெளிச்சமும் இருக்கும்.

அப்புறம், பின்வரிசைக்காரர்களை நாற்காலி முதுகை ஒட்டி நின்று லேசாக முன்னால் சாயச் சொல்லுங்கள். ஃபோகஸ் புள்ளியை நீங்களே முன்வரிசையின் ஒரு கண்ணில் வையுங்கள், மடிக் குழந்தை மேல் வேண்டாம். எடுத்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பின்வரிசையின் இரண்டு ஓர முகங்களையும் பாருங்கள். பத்து விநாடி வேலை. நான் அன்று செய்யாதது.

போனின் போர்ட்ரெய்ட் மோட்

இதே நோயின் இன்னொரு வடிவம். போன் பின்னணி மங்கலைக் கணக்குப் போட்டு வரவழைக்கிறது, முடியின் ஓரத்தில் கணக்கு தப்பும். ஜிமிக்கி பாதி, தோளில் தொங்கும் மல்லிகைச் சரம் பாதி காணாமல் போகும். ஓர் ஆளுக்கு மேல் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

போனின் 0.5 ஜூமில் எல்லோரையும் அடக்குவது

வைட் லென்ஸ் ஓரத்தில் நிற்பவர்களை அகலமாக இழுத்துவிடும். ஓரத்தில் நின்ற எங்கள் அத்தை இன்றும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாலடி பின்னால் போய் 1-இல் எடுங்கள்.

ஒன்றே ஒன்று எடுத்துவிட்டுக் கலைந்து போகச் சொல்வது

யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார். இதற்குக் கணக்கே போட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவருக்கும் 2006-இல் இதற்காக இக் நோபல் பரிசு, அதாவது முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் பரிசு, கிடைத்தது. 20 பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து அத்தனை படம். வெளிச்சம் குறைவென்றால் இரண்டால் வகுக்க வேண்டும். 12 பேருக்கு 4 அல்லது 6. வாண்டுகள் இருந்தால் இந்தக் கணக்கை நம்பாமல் விரலை எடுக்காமல் அழுத்துங்கள்.

உச்சி வெயில்

கண் இருக்கும் இடத்தில் குழிதான் விழும். வேண்டாம்.

"சிரிங்க, சிரிங்க"

சொல்லாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தையே பிரின்ட் போடுவது

சுருங்கிப்போன படம் அது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

எடுக்கிறவர் படத்தில் இல்லாமல் போவது

எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் 2014 முதல் 2019 வரை நான் துபாயில் இருந்தேன் என்றுதான் நினைப்பீர்கள். ஊரிலேயேதான் இருந்தேன், கேமராவுக்குப் பின்னால். ஒரு டிரைபாட், 10 விநாடி டைமர் போதும். ஒன்று மட்டும் கவனம்: பல கேமராக்கள் பட்டனை அழுத்தும்போதே ஃபோகஸைப் பிடித்துவிடும். லென்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டு அழுத்தினால் உங்கள் சட்டைப் பொத்தான்தான் அதற்குத் தெரியும். பின்னால் நின்று அழுத்துங்கள், அப்புறம் ஓடுங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவது நல்லது.