நேற்றும் நாளையும் சொல்லும் கடல் ஓவியம்: எங்கே சறுக்குகிறது?

கடற்கரையில் ஆட்களை நிறுத்தி, கடந்த காலத்தையும் எதிர்காலத்தையும் ஒரே படத்தில் சொல்ல முயலும்போது வரும் தவறுகள் இவை. சேலத்திலிருந்து கடல் பார்க்கக் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் போக வேண்டும். அதனால் பலர் ஏற்காட்டின் 'லேடீஸ் சீட்' காட்சிமுனையிலிருந்து தெரியும் மூடுபனியை மாதிரியாக வைத்துக் கடலை வரைகிறார்கள். முதல் கோளாறு அங்கேயே. பனியின் விளிம்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். கடலின் தொடுவானமோ ஸ்கேல் பிடித்த கோடு. அது கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீர் ஒரு பக்கமாகக் கொட்டுவதுபோல் தெரியும். கேன்வாஸின் இரு ஓரங்களிலும் மேலிருந்து அளந்து புள்ளி வைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, படத்தையே கெடுப்பது: ஆள் எவ்வளவு உயரம் என்பது. சமமான மணலில் நின்று பார்ப்பதாக வரைந்தால், நம் உயரமுள்ளவர் எவ்வளவு தள்ளி நின்றாலும் அவர் கண் தொடுவானக் கோட்டில்தான் இருக்கும். கடந்த காலத்துக்கு ஒரு சிறுவனையும் நிகழ்காலத்துக்கு ஒரு பெரியவரையும் நிறுத்துகிறீர்கள் என்றால், இப்படி நின்று பார்க்கும் படத்தில் சிறுவனின் தலை எந்த இடத்திலும் கோட்டைத் தாண்டக் கூடாது. பார்ப்பவரின் கண் 5 அடி உயரத்தில், சிறுவன் 3 அடி என்றால், அவன் பாதத்திலிருந்து கோடு வரையுள்ள தூரத்தில் ஐந்தில் மூன்று பங்குதான் அவன் உயரம். இதை அளக்காமல் வைத்தால் சிறுவன் குள்ள மனிதனாகிவிடுவான். கோடு கழுத்தில் ஓடினால் தலை வெட்டுப்பட்டதுபோல் இருக்கும். மணலில் உட்கார்ந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: கோடு பெரியவரின் இடுப்புக்கு இறங்கும், அவர் தலை வானத்தில் தெளிவாக நிற்கும்.

இடப்பக்கம் அஸ்தமனம், வலப்பக்கம் உதயம் என இரண்டு சூரியன் போடுவது நம்மூர் போட்டிகளில் சலித்துப்போன உத்தி. நிழல் எந்தப் பக்கம் விழும்? கிழக்குக் கரையில் சூரியன் கடலில் உதிக்கிறது. மறைவது நிலத்தின் பக்கம். அந்த ஒரு சூரியனே போதும்: முன்னால் நாளை, முதுகுக்குப் பின்னால் நேற்று. அப்படி நிற்பவரின் முதுகு இருண்டிருக்க வேண்டும், நிழல் நம்மை நோக்கி நீள வேண்டும். சட்டையின் பின்புறம் பளிச்சென்று இருந்தால் பொய் தெரிந்துவிடும். தண்ணீரில் மின்னும் ஒளிப்பாதையும் சூரியனுக்கு நேர் கீழேதான் வரும்; ஆளை நோக்கிச் சாய்க்காதீர்கள்.

காலடித் தடங்கள் கடலை நெருங்க நெருங்கச் சிறுத்து நெருங்கட்டும். அலை தொட்ட ஈரமணலில் பாதி அழிந்த தடம், முழுத் தடத்தைவிட அதிகம் பேசும். உடைந்த படகு, மணற்கடிகாரம், பறவை, கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் சேர்த்தால் விளம்பரப் பலகைதான். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரெட்ரிக் 1835 வாக்கில் வரைந்த 'வாழ்க்கையின் பருவங்கள்' படத்தில் கரையில் ஐந்து பேர், கடலில் ஐந்து கப்பல்கள். வயதானவர் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். ஒரே அந்தி வெளிச்சம்.

சேலத்து மே மாத வெயிலில், அதுவும் ஃபேனுக்கு அடியில், அக்ரிலிக் பூசும்போதே காய்ந்து வானம் திட்டுத் திட்டாகும். அல்ட்ராமரின் (அடர்நீலம்)-வெள்ளை, செருலியன் (வான்நீலம்)-வெள்ளை, தொடுவானத்துக்கு வெள்ளையில் துளி மஞ்சள் ஓக்கர் என மூன்று கிண்ணங்களில் முன்பே கலந்துவைத்து, ஸ்ப்ரேயில் தண்ணீர் தெளித்தபடி மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் முடியுங்கள். ஏற்காட்டில் சிக்கல் தலைகீழ்: பனி இறங்கிய நாளில் வார்னிஷ் அடித்தால் பால்போல் வெளுக்கும். வெயில் அடிக்கும் நாளாகப் பாருங்கள். ஆயில் படமென்றால் குறைந்தது ஆறு மாதம் காயவிட்ட பிறகு.