18ஆம் நூற்றாண்டு லண்டன் நாடகங்களைத் தேடுகிறீர்களா? நோட்டீஸை அப்படியே நம்பாதீர்கள்

1741 அக்டோபர் 19. லண்டனில் குட்மன்ஸ் ஃபீல்ட்ஸ் அரங்கத்தின் நோட்டீஸ், மாலை ஆறு மணிக்குக் கச்சேரி என்கிறது. டிக்கெட் மூன்று, இரண்டு, ஒரு ஷில்லிங். கச்சேரியின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே மூன்றாம் ரிச்சர்ட் நாடகம் இலவசமாக நடக்குமாம். ரிச்சர்டாக வருபவர், இதுவரை எந்த மேடையிலும் தோன்றாத ஒரு கனவானாம்.

இந்த ஒரு நோட்டீஸை எழுத்துக்கு எழுத்து நம்பினால் மூன்று இடத்தில் தடுக்கி விழுவோம். முதலாவது, கச்சேரி. 1737இல் வந்த உரிமச் சட்டத்தின்படி ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் ஆகிய இரண்டு அரங்கங்களுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு நாடகம் போட முடியாது. அதனால் மற்றவர்கள் கச்சேரிக்கு டிக்கெட் விற்று, நாடகத்தைச் சும்மா காட்டுவதாகச் சொன்னார்கள். நாடகப் பட்டியலைத் தொகுக்கும்போது கச்சேரி என்று போட்டதையெல்லாம் ஒதுக்கிவிட்டால், ஆங்கில நாடக வரலாற்றின் மிக முக்கியமான இரவுகளில் ஒன்று கைநழுவிவிடும். ஏனென்றால் அந்தக் கனவான், பின்னாளில் அந்த நூற்றாண்டின் பெரும் நடிகராகப் புகழ்பெற்ற டேவிட் காரிக். லண்டன் அவரை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

இரண்டாவது, 'எந்த மேடையிலும் தோன்றாதவர்' என்பது உண்மையில்லை. அதே கோடையில் அவர் இப்ஸ்விச் ஊரில் லிடல் என்ற பெயரில் நடித்திருந்தார். புதுமுகம் என்றால் கூட்டம் வரும், அதற்காகப் போட்ட வரி அது. அறிமுக நாளை நோட்டீஸை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாவதில்தான் ரொம்பப் பேர் சறுக்குகிறார்கள். அன்று நடந்தது ஷேக்ஸ்பியர் எழுதியபடியான ரிச்சர்ட் அல்ல. நடிகரும் நாடக ஆசிரியருமான காலி சிபர் (Colley Cibber) 1700இல் வெட்டி ஒட்டி, தன் வரிகளையும் சேர்த்துத் திருத்திய வடிவம். அந்த நூற்றாண்டு முழுக்க மேடையில் இருந்தது அதுதான். ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் கதையும் இப்படியே. கவிஞர் நேஹம் டேட் 1681இல் திருத்திய வடிவத்தில் லியர் சாவதில்லை, கோமாளியே கிடையாது, மூலத்தில் சாகும் மகள் கார்டீலியா இங்கே எட்கரை மணக்கிறாள். இன்று நாம் படிக்கும் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கால ரசிகர்கள் எதற்கு அழுதார்கள் என்று எழுதினால், அவர்கள் பார்க்காத காட்சிக்கு அவர்களை அழவைத்துவிடுவோம். தலைப்பு ஒன்றாக இருந்தாலும் அந்த ஆண்டுகளில் அச்சான பதிப்பைத் தேடிப் படியுங்கள்.

அறிவித்தது வேறு, நடந்தது வேறு என்பதையும் மறக்கக் கூடாது. 1749 ஜனவரி 16 அன்று ஹேமார்க்கெட் அரங்கில் ஒருவர் சாதாரண ஒயின் பாட்டிலுக்குள் புகுந்து பாடுவார் என்று விளம்பரம் வந்தது. அரங்கம் நிறைந்தது, ஆள் வரவில்லை. கோபத்தில் கூட்டம் உள்ளே எல்லாவற்றையும் உடைத்து, தெருவில் போட்டுக் கொளுத்தியது. விளம்பரத்தை மட்டும் பார்த்தால் ஒரு நிகழ்ச்சி நடந்ததாகத்தான் தோன்றும். நடிகருக்கு உடம்பு சரியில்லாமல் கடைசி நிமிடத்தில் நாடகம் மாறுவதும் சகஜம். 1960 முதல் 1968 வரை 11 தொகுதிகளாக வந்த 'தி லண்டன் ஸ்டேஜ்' என்ற தேதிவாரி நாடகப் பட்டியல் அருமையான உழைப்பு. ஆனாலும் அதன் பெரும்பகுதி பத்திரிகை விளம்பரங்களிலிருந்தும் நோட்டீஸ்களிலிருந்தும் வந்தது. ட்ரூரி லேன் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம் உண்டு. மேடைக்குப் பின்னால் நின்று நடிகர்களுக்கு வசனத்தை எடுத்துக் கொடுத்த ரிச்சர்ட் கிராஸும் அவருக்குப் பின் வில்லியம் ஹாப்கின்ஸும் 1747 முதல் 1776 வரை எழுதிய நாட்குறிப்புகள் இருக்கின்றன. அன்று உள்ளே இருந்தவர்களின் கைப்பட எழுதிய குறிப்பு நோட்டீஸைவிட எவ்வளவோ மேல்.

சரி, தேதிக்கு வருவோம். 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அதனால் பாட்டில் கலவரம் நடந்த ஜனவரி அன்றைய தாள்களில் 1748 என்று இருக்கலாம். ஆண்டை மட்டும் இன்றைய கணக்குக்கு மாற்றுங்கள், நாளை அப்படியே விடுங்கள். 1752 செப்டம்பரில் 2ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14. நடுவில் 11 நாள் நோட்டீஸ் காணோமே என்று தேட வேண்டாம். முதலாம் சார்லஸ் மன்னரின் நினைவு நாளான ஜனவரி 30, புனித வாரம் போன்ற நாட்களிலும் நாடகம் கிடையாது. ஆண்டுக்கணக்காக எண்ணாமல் பருவக்கணக்காக எண்ணுங்கள். பருவம் செப்டம்பரில் தொடங்கி அடுத்த கோடை வரை போகும்.

பெயர்க் குழப்பம் தனி. நோட்டீஸில் பெரும்பாலும் குடும்பப் பெயர்தான் இருக்கும். 1732இல் 'மிஸஸ் சிபர்' என்றால் காலி சிபரின் மகனும் நடிகருமான தியோஃபிலஸ் சிபரின் முதல் மனைவி ஜேன். அவர் 1733இல் இறந்தார். அடுத்த ஆண்டு தியோஃபிலஸை மணந்த சூசன்னா, அதுவரை 'மிஸ் ஆர்ன்'. பிறகு புகழ்பெற்ற மிஸஸ் சிபர் இவர்தான். 1760களின் பிற்பகுதியில் ட்ரூரி லேனிலேயே ஜான் பாமர் என்று இரண்டு பேர் இருந்தார்கள். தேதியையும் வேடத்தையும் சேர்த்துப் பார்க்காமல் ஒருவரின் வாழ்க்கைப் பட்டியலைத் தயாரிக்க முடியாது.

வசூல் கணக்கைப் பார்க்கும்போது வசந்த கால பெனிபிட் இரவுகளைப் பிரித்து வையுங்கள். அன்று செலவு போக மிச்சம் குறிப்பிட்ட நடிகருக்குப் போகும். டிக்கெட்டை அவரே தெரிந்தவர்களிடம் விற்பார், ஆசைப்பட்ட வேடத்தையும் போட்டுக்கொள்வார். அந்த எண்களை வைத்து ஒரு நாடகத்தின் புகழை அளக்க முடியாது.

அப்புறம், ஸ்கேன் செய்த பழைய பத்திரிகைகளில் தேடுகிறவர்களுக்கு ஒன்று. அந்தக் கால அச்சில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் சின்ன எஸ், எஃப் மாதிரியே இருக்கும். கணினி அதை எஃப் என்றே படித்துவைக்கும். 'ஸ்டேஜ்' (stage) என்று தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், முதல் எழுத்தை எஃப் ஆக்கி இன்னொரு முறை தேடுங்கள். பிறகும் இல்லை என்றால் அந்த வாரத்துத் தாள்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, அதற்கப்புறம் 'பதிவு இல்லை' என்று எழுதுங்கள்.