டிரம்மின் அடியில் குழாய் வைத்தவன் சொல்கிறேன்

போன வாரம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பின்கட்டில் குடிதண்ணீரை வடிகட்ட ஒரு நீல நிற டிரம். உள்ளே ஜல்லி, அதன்மேல் மணல், அடிப்பக்கத்தில் பளபளவென்று ஒரு பித்தளைக் குழாய். வீட்டுப் பையன் பெருமையாகத் திறந்து காட்டினான். தண்ணீர் சடசடவென்று குடத்தில் கொட்டியது. பத்து வருடத்துக்கு முன் நான் செய்த டிரம்மே இடம் மாறி வந்து நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

மணலைக் கழுவு, டிரம்மை மூடி வை, கெமிக்கல் இருந்த டிரம்மை வாங்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் விட்டுவிடுகிறேன்.

அடியில் குழாய்

மணல் வடிகட்டியை டீ வடிகட்டி மாதிரி நினைப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. மணலின் இடுக்கைவிடக் கிருமி எவ்வளவோ சின்னது, நழுவிப் போய்விடும். தினமும் தண்ணீர் ஊற்றிவந்தால், மணலின் மேல்பரப்பில் நுண்ணுயிர்கள் குடியேறி, பால் ஏடு மாதிரி மெல்லியதாக ஒரு படலம் உண்டாகும். நோய்க்கிருமிகளைத் தின்று குறைப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். அந்த ஏடு காயவும் கூடாது, மூச்சு முட்டவும் கூடாது. அதற்காகத்தான் ஊற்றிய தண்ணீர் இறங்கி முடிந்த பிறகும் மணலுக்கு மேல் சுமார் 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும் என்பது. 1990களில் கனடாவில், கால்கரி பல்கலைக்கழகத்தின் டேவிட் மான்ஸ் வீட்டு உபயோகத்துக்கு மணல் வடிகட்டியை மாற்றியமைத்தபோது, விட்டுவிட்டு ஊற்றினாலும் ஏடு சாகாமல் இருக்க வழி செய்தார்.

அடியில் குழாய் வைத்தால் என்ன ஆகும்? திறந்ததும் கடைசிச் சொட்டுவரை வடிந்துவிடும். மணல் காயும், ஏடு சாகும். சரி, மூடியே வைப்போம் என்றால், மேலே ஒரு முழம் தண்ணீர் ராத்திரி முழுக்க நிற்கும். ஆக்சிஜன் கீழே இறங்காது, அப்போதும் சாகும்.

என் டிரம்மில் வந்த தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு சொம்பு குடித்துவிட்டு, "ஊரணித் தண்ணிக்குக்கூட இந்த ருசி இல்லையே தம்பி" என்றார். நான் மிதந்தேன். மூன்றாம் மாதம் அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு, இரண்டு நாள் டிரிப்ஸ். தண்ணீரால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்தேன். மறுநாள் காலையில் குப்பி மை மாதிரி கறுத்திருந்தது. மலக்கிருமி கலந்திருக்கக்கூடும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

சரியான முறை இது: பைப் டிரம்மின் அடியிலிருந்தே கிளம்பட்டும், ஆனால் வெளியே மேல்நோக்கி ஏறி, மணல்மட்டத்துக்கு 5 செ.மீ. உயரத்தில் வளைந்து வாய் திறந்திருக்கட்டும். நுனியில் திருகுகுழாய் வேண்டாம். மேலே ஊற்றினால் வரும், அந்த மட்டத்துக்கு வந்ததும் தானாக நிற்கும்.

இதைச் சரிசெய்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. குடத்துக்கு எட்டவில்லை என்று பைப் நுனியில் ஒரு முழ ரப்பர் டியூபைச் செருகித் தொங்கவிட்டேன். அது டிரம்மையே உறிஞ்சிக் காலி செய்துவிட்டது. ஏடு புதிதாக வளர மறுபடி ஒரு மாதம் காத்திருந்தேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

வேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவது

ஒரு லிட்டர் பிடிக்க இரண்டரை நிமிடமாவது ஆக வேண்டும். அதைவிடச் சீக்கிரம் நிறைந்தால் மணல் பெரிசு என்று அர்த்தம். 0.7 மி.மீ. சல்லடையில் சலியுங்கள்.

பிளீச்சிங் பவுடர்

வடிகட்டிய பிறகு, குடத்தில். டிரம்மில் போட்டால் ஏட்டுக்கும் அதே கதிதான்.

கலங்கலை அப்படியே ஊற்றுவது

மழைக்குப் பிறகு ஊரணித் தண்ணீர் செம்மண் கரைசலாக இருக்கும். ஊற்றினால் இரண்டே நாளில் அடைத்துக்கொள்ளும். பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துத் தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். அப்படியும் அடைத்தால் மணலைத் தோண்டாதீர்கள். மேலே நிற்கும் தண்ணீரைக் கையால் லேசாகக் கலக்கி, கலங்கியதை முகந்து கொட்டினால் போதும்.

அடுப்புக்கரி

நாற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும். கிருமியைக் கொல்லாது.

உப்புத் தண்ணீர்

போர் தண்ணீரின் உப்பையும் ஃபுளோரைடையும் மணல் பிரிக்காது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவுக்குள், அதாவது நடு முற்றத்தில், கொட்டும் மழைநீரை அண்டாவில் பிடித்துவைப்பார்கள். உப்புத் தொல்லைக்கு டிரம்மைவிட அந்த மழைநீர் எவ்வளவோ மேல்.

கானாடுகாத்தான் பையன் அன்றைக்கே பைப்பை மாற்றிவிட்டான். நாலு வாரம் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்றேன். "நாலு வாரமா?" என்று முகத்தைச் சுளித்தான். உள்ளேயிருந்து அவன் அம்மா, "நான் எப்பவும் கொதிக்கவச்சுத்தான் குடுக்குறேன், இவனுக்குத்தான் தெரியாது" என்றார்.